இரண்டு பிள்ளைகளுக்கும் ஆட்டிசம்: வீட்டுக்கு ஒரே திட்டம்

தெரபி மையத்தில் எழுதிக் கொடுக்கும் வீட்டுப்பயிற்சித் தாள் எப்போதும் ஒரு பிள்ளைக்கானது. மூத்தவனுக்குக் காலையில் 20 நிமிடம் மேசையில் உட்காரும் பயிற்சி, மாலையில் ஊஞ்சல், சாப்பாட்டு வேளையில் பட அட்டை. இளையவளுக்குத் தனித்தாள்: தரையில் உட்கார்ந்து அரை மணி விளையாட்டு, நாளுக்கு மூன்று வேளை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயமானவைதான். ஒரே அம்மாவின் கையில் இரண்டையும் கொடுத்தால் நாளில் மூன்று நாலு மணி நேரம் அதிலேயே போய்விடும். சமையல், பள்ளி வேன், துணிமணி எல்லாம் அதற்கு வெளியே. அதைவிட முக்கியமான ஒரு கேள்விக்கு எந்தத் தாளிலும் பதில் இருக்காது: மூத்தவனோடு அம்மா மேசையில் இருக்கும் அந்த 20 நிமிடமும் இளையவள் எங்கே இருப்பாள், யாரோடு இருப்பாள்?

இதை "இரண்டு மடங்கு வேலை" என்று கணக்கிடுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒருவனுக்கு அமைதி தருவது மற்றவளுக்கு வேதனையாக இருக்கும். பதற்றம் தணிய அவன் ஓயாமல் முனகுவான். அந்தச் சத்தம் தாங்காமல் அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அலறல் கேட்டு அவன் தலையில் அடித்துக்கொள்வான். ஆகவே பிள்ளைக்கொரு திட்டம் போதாது, வீட்டுக்கு ஒரே திட்டம் வேண்டும். தெரபிஸ்டிடம் முதலில் இதைக் கேட்டு வாங்குங்கள்: இரண்டு தாளையும் ஒன்றாக்கி, ஒரு சமயத்தில் பிள்ளைக்கு இரண்டு இலக்குக்கு மேல் வைக்காமல், குளிப்பது, சாப்பிடுவது, உடுத்துவது என்று எப்படியும் நடக்கிற வேலைகளுக்குள் பொருத்தித் தரச் சொல்லுங்கள்.

அப்படிப் பொருத்துவதை மட்டமான சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுவரை வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக வகுத்திருக்கும் பயிற்சியே 9 குழு வகுப்புகளும் 3 வீட்டு வருகைகளும் கொண்டது. விளையாட்டும் அன்றாட வீட்டு வேலையும்தான் அதன் களம். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் பெற்றோர் வழியாகத் தந்த பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பயிற்சி தந்தவர்கள் சிறப்பு நிபுணர்கள் அல்லர், சாதாரண நலப் பணியாளர்கள். அங்கே பிள்ளைகள் தாங்களாகவே பெற்றோரை நாடித் தொடர்புகொள்வது கூடியது.

குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். சொம்பில் தண்ணீரை மொண்டு தூக்கிப் பிடித்து நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், வாய் திறக்காதீர்கள். பிள்ளை கை நீட்டினாலோ, சொம்பைத் தொட்டாலோ, ஒரு சத்தம் எழுப்பினாலோ "ஊத்து" என்ற ஒரே சொல்லைச் சொல்லி ஊற்றுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லி முகத்தைத் திருப்ப வேண்டாம். பத்துச் சொம்பு ஊற்றினால் பத்து முறை பயிற்சி நடந்துவிடும். பெரும்பாலும் எங்கே பிசகுகிறது என்றால், அவசரத்தில் அந்த ஐந்து விநாடி காணாமல் போகிறது, ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாக்கியமே வந்துவிடுகிறது.

இரண்டாவது பிள்ளைக்கும் ஆட்டிசம் என்று தெரிந்ததும் அம்மாவை நோக்கிக் கை நீளும். "ஒண்ணுன்னா சரி, ரெண்டுமா இப்படி?" என்பார்கள். கர்ப்பத்தில் போன் பார்த்தாள், வேலைக்குப் போனாள், பிள்ளையோடு பேசவில்லை என்பார்கள். அம்மாவின் பாசக்குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. அமெரிக்காவில் 1950, 60களில் எத்தனையோ தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள். 1977-இல் பிரிட்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவாக உண்டான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு அன்றிலிருந்து மேலும் மேலும் உறுதிப்பட்டுத்தான் வருகிறது. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்து பிறக்கும் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு, 2011-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 18.7 சதவீதம், அதே குழு 2024-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் 20.2 சதவீதம். அதாவது ஐந்தில் ஒன்று. மூத்தவர்களில் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தால் அது சுமார் 37 சதவீதமாக உயர்கிறது. வீட்டில் நிமிர்ந்து சொல்லுங்கள்: மரபணு அப்பா வழியும் வரும், அம்மா வழியும் வரும், பிள்ளையிடமே புதிதாக உண்டான மாற்றமாகவும் இருக்கும்.

இந்த ஐந்தில் ஒன்று என்ற கணக்கினால்தான் இளைய பிள்ளையைப் பிறந்ததிலிருந்தே கவனிக்க வேண்டும் என்கிறோம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அம்மா இளையவளை மூத்தவனோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். அவன் பேசவே இல்லை, இவள் பாட்டெல்லாம் பாடுகிறாள். அவன் யாரிடமும் போக மாட்டான், இவள் மடியைவிட்டு இறங்க மாட்டாள். ஆகவே இவளுக்கு ஒன்றுமில்லை என்று மனம் தேறிவிடும். ஒரே வயிற்றில் பிறந்த இருவரிடம் ஆட்டிசம் இரு வேறு விதமாகத் தெரியும். பாட்டை முழுதாக ஒப்பிக்கிற பிள்ளை "தண்ணி வேணும்" என்று கேட்காமல் போகலாம். பெண்பிள்ளைகளிடம் இது இன்னும் எளிதாகத் தவறவிடப்படுகிறது. அமைதியான பெண் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஒப்பிட வேண்டியது வயதோடு. 9 மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒரு வயதை ஒட்டி விரல் நீட்டிக் காட்டத் தொடங்க வேண்டும், அதுவும் பொருள் வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல, "பார், காக்கா" என்று காட்டுவதற்காகவும். 16 மாதத்தில் தனிச்சொற்கள், 2 வயதில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொற்கள். எந்த வயதிலாவது, வந்த சொல் நின்றுபோனால் காத்திருக்கக் கூடாது. 16 முதல் 30 மாதம்வரை, ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியலை நிரப்பலாம். மதிப்பெண் 3 முதல் 7 வந்தால் கூடுதல் கேள்விகள் கேட்டுத் தெளிய வேண்டும், 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். குறைவாக வந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் குழந்தைநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். மூத்தவனின் அறிக்கைகளையும் கூடவே எடுத்துப்போங்கள். அண்ணனுக்கு ஆட்டிசம் என்ற ஒரு வரியே வரிசையில் முன்னால் நிறுத்த வைக்கும் காரணம்.

இருவருக்கும் ஆட்டிசம் என்றால் மரபணு ஆலோசனையைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தத்தில் செய்யும் முதல் சோதனைகள் இரண்டு: குரோமோசோம்களில் துண்டு விடுபட்டதா, கூடியதா என்று பார்க்கும் குரோமோசோம் மைக்ரோஅரே, ஃப்ரஜைல் எக்ஸ் சோதனை. இரண்டாவதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் முதல் சோதனையில் அது தெரியாது. எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 மரபணுவில் ஒரு சிறு துண்டு 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அது ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு. அம்மாவிடம் அந்த எண்ணிக்கை 55-க்கும் 200-க்கும் நடுவே இருக்கலாம். அப்படி இருந்தால் மாதவிடாய் சீக்கிரமே நின்றுபோகும் சாத்தியம் அவளுக்கு உண்டு, அவளுடைய அக்கா தங்கைகளுக்கும் அந்தத் தகவல் தேவை. பிள்ளையின் தோலில் வெளிறிய இலை வடிவத் திட்டுகள் இருந்தால் காட்டுங்கள். வலிப்போடு வரும் ட்யூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்ற மரபணு நோயின் அடையாளமாக இருக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், எந்தச் சோதனை பொருத்தம் என்று முடிவெடுக்க அது உதவும். எல்லாம் இயல்பு என்று அறிக்கை வந்தால் மரபணுக் காரணமே இல்லை என்று பொருள் அல்ல.

இனி நாளை ஓட்டுவது. முதல் வேலை சத்தம். ஒரு வாரம் ஒரு நோட்டில், யார் எப்போது கலங்கினார்கள், அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது, அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். இரண்டு பிள்ளைக்கும் ஒரே நோட்டு, நேர வரிசையில். தனித்தனி நோட்டில் எழுதினால் ஒருவனின் கலக்கம் மற்றவளின் கலக்கத்திலிருந்துதான் கிளம்பியது என்பது கண்ணில் படாது. பல வீடுகளில் இதில் தெரியவருவது மிக்ஸி, குக்கர் விசில், கிரைண்டர். சட்னியை முந்தின இரவே அரைத்து வைக்கலாம், மாவரைப்பதைப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது முடிக்கலாம். தவிர்க்க முடியாதபோது மிக்ஸியின் படத்தைக் காட்டி, ஜாடியை மூடி, "மூணு, ரெண்டு, ஒண்ணு" சொல்லிப் போடலாம். சத்தம் தாங்காத பிள்ளைக்குத் தொழிற்சாலையில் போடும் காதுமூடி நல்ல துணை. நாள் முழுக்க மாட்டிவிடக் கூடாது, காது அமைதிக்கே பழகி மற்ற சத்தங்கள் இன்னும் உறைக்கும்.

இரண்டாவது, இடம். தனித்தனி அறை இல்லாத வீடுதான் நம்மில் பெரும்பாலும். பீரோவைக் குறுக்கே திருப்பி ஒரு மூலை, கட்டிலுக்கடியில் மெத்தை போட்டு இன்னொரு மூலை போதும். பீரோவைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்துவிடுங்கள், ஏறிச் சாய்த்துவிடுவார்கள். ஒருவன் மூலைக்குள் மற்றவள் போகக் கூடாது என்பதைத் தரையில் ஒட்டிய நிறநாடாவால் காட்டலாம். மூத்தவனுக்கு நீலம், இளையவளுக்கு மஞ்சள் என்று வைத்துக்கொண்டால் தட்டு, துண்டு, பட அட்டவணை எல்லாவற்றுக்கும் அதே நிறம்.

இருவரும் ஒரே சமயத்தில் வெடித்தால், தனியாக இருக்கும் அம்மா இயல்பாகவே அதிகம் கத்துகிற பிள்ளையை நோக்கி ஓடுவாள். என் பார்வையில் முதலில் நகர்த்த வேண்டியது மற்ற பிள்ளையை. உச்சத்தில் இருக்கும் பிள்ளையை இழுத்தால் அடிபடும், கடி விழும், வெடிப்பு நீளும். நடந்து வரும் நிலையில் இருப்பவளைக் கையைப் பிடித்து அவள் மூலைக்குக் கூட்டிப்போய், காதுமூடியை மாட்டி, கையில் பழகிய பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பிறகு அவனைச் சுற்றி இருக்கும் கண்ணாடி, எவர்சில்வர், நாற்காலியை நகர்த்துங்கள். தலையை மோதினால் நடுவே தலையணையை வையுங்கள். பேச்சைக் குறையுங்கள். "ஏன்டா இப்படிப் பண்றே" என்பது அந்த நேரத்தில் இன்னொரு சத்தம் மட்டுமே. தணிந்த பிறகு தண்ணீர், இருட்டு, இருபது முப்பது நிமிட ஓய்வு. உடனே மேசைக்குக் கூட்டிப்போனால் மறுபடி தொடங்கும். திடீரென்று கூடிப்போன வெடிப்புகளுக்குப் பின்னால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்காமல் நடத்தைப் பயிற்சியைக் கூட்ட வேண்டாம்.

புதுப்பழக்கம் எதையும் இருவருக்கும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். கழிவறைப் பழக்கம் என்றால் ஒருவருக்கு முடிந்து ஒரு மாதம் நிலைத்த பிறகுதான் அடுத்தவர். தொடங்கும்முன் மூன்று நாள், அரைமணிக்கொரு தரம் ஜட்டி நனைந்திருக்கிறதா என்று குறித்தால் எப்போது உட்கார வைப்பது என்று தெரியும். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் உட்காருவதே பயமாகிவிடும்.

சாப்பாட்டிலும் இதே ஒழுங்கு. ஒருவன் அப்பளம், முறுக்கு, வறுவல் என்று மொறுமொறுப்பாக மட்டும் தின்பான், மற்றவள் குழைந்த தயிர்சாதம் தவிர எதையும் தொட மாட்டாள். இருவருக்கும் ஒரே உணவைப் பழக்க முயல்வது வீண் போராட்டம். அவனுக்கு அப்பளத்திலிருந்து மெல்லிய முறுகல் தோசை, அங்கிருந்து சற்றே தடித்த தோசை. அவளுக்குத் தயிர்சாதத்தில் நன்றாக மசித்த பருப்பு, முதலில் கால் தேக்கரண்டி, அதை ஏற்று ஒரு வாரம் ஆன பிறகுதான் அரை. அவளுக்குத் தெரியாமல் மறைத்துக் கலக்காதீர்கள். கண்டுபிடித்தால் தயிர்சாதத்தையும் நிறுத்திவிடுவாள், பிறகு ஒன்றுமே மிஞ்சாது. இப்படிக் குறுகிய உணவில் இருக்கும் இருவருக்குமே இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்தால் தூக்கத்தில் கால் உதறல், புரளல் வரும். ஒருவன் புரண்டால் பக்கத்தில் இருப்பவளும் விழிப்பாள். இருவரும் படுக்கும் நேரத்துக்கு நடுவே 30 நிமிட இடைவெளி வையுங்கள், எழுப்பும் நேரம் இருவருக்கும் ஒன்றாகவும் விடுமுறையிலும் மாறாமலும் இருக்கட்டும். தூக்கத்துக்குத் தரும் மெலடோனின் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும்.

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பட அட்டையோ, படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும், சென்னையில் உருவான அவாஸ் போன்ற செயலியோ உதவும். இரண்டு பேருக்கும் ஒரே டேப்லெட் என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். அண்ணன் கையில் அது இருக்கும் நேரமெல்லாம் தங்கைக்கு வாயே இல்லை என்று ஆகிவிடும். வாங்க வசதி இல்லையென்றால் ஒருவருக்கு டேப்லெட், மற்றவருக்குப் பட அட்டைக் கோப்பு. பேசுவதற்கான அந்த டேப்லெட்டில் யூடியூப் பார்க்கக் கொடுக்காதீர்கள்.

வெளியே போவதில் விட்டுக்கொடுக்க முடியாத விதி: பெரியவர் ஒருவருக்கு ஒரு பிள்ளை. இருவரும் எதிரெதிர்த் திசையில் ஓடினால் எந்த அம்மாவாலும் இருவரையும் பிடிக்க முடியாது. தண்ணீர் இவர்களில் பலரை இழுக்கும். கிணறு, கோயில் குளம், சம்ப், தண்ணீர்த் தொட்டி நான்குக்கும் மூடியோ கம்பிவலையோ பூட்டோ இருக்க வேண்டும். பிள்ளை காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர் இருக்கும் திசைக்கு. வாசற்கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கதவு திறந்தால் ஒலிக்கும் சின்ன மணி. இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடுவது பழக்கமாகட்டும்.

"உதவி கேள்" என்று அம்மாவிடம் எல்லாரும் சொல்வார்கள், எப்படிக் கேட்பது என்று சொல்ல மாட்டார்கள். பாட்டியிடமோ அத்தையிடமோ இருவரையும் ஒன்றாக ஒப்படைத்தால் முதல் நாளே பயந்துவிடுவார்கள். எளிதாக இருக்கும் பிள்ளையை மட்டும், அம்மா அதே வீட்டில் இருக்கும்போது, அரைமணி. அடுத்த வாரம் அம்மா மொட்டை மாடியில் இருக்க ஒரு மணி. பிறகு மற்ற பிள்ளை. சுவரில் ஒரே பக்கத் தாள் ஒட்டியிருக்கட்டும்: என்ன சாப்பிடுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள், கழிவறைக்கு என்ன சைகை, மருந்து எப்போது, யாருக்கு போன் செய்வது. அப்பா "நான் சம்பாதிக்கிறேன்" என்று ஒதுங்குவதை எந்த அட்டவணையும் ஈடுசெய்யாது. வாரத்தில் இரண்டு முழு வேளைகள் அவர் பொறுப்பு என்று நேரம் போட்டு எழுதுங்கள். அம்மாவுக்குத் தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அடக்க முடியாமல் இரண்டு வாரம் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் தெரபியைவிட அது பின்னால் நிற்க வேண்டியதல்ல.

பணம் கேட்டு வரும் அதிசயச் சிகிச்சைகள் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டு மடங்கு ஆபத்து. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையை இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் பரிந்துரைக்கவில்லை. உடலிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையில் 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தே போனான்.

காகிதங்கள் பிள்ளைக்குத் தனித்தனி: யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஊனச் சான்றிதழ், மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு. நிராமயாவில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை. ஏற்கெனவே இருக்கும் குறைபாடு தடையல்ல. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் நின்றுவிடும். 18 வயது நிறைந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப் பாதுகாவலராக நீடிப்பதில்லை. 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் மட்டக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக. உங்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளைக்குச் சம்மதிக்கும் சித்தியோ மாமாவோ இரண்டுக்கும் சம்மதிப்பார்களா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். சத்தத்திலும் இடத்திலும் மோதுகிற இருவரைப் பிற்காலத்தில் வெவ்வேறு வீடுகளில் வைப்பது தவறே இல்லை. பணத்தைக் காப்பவரும் பிள்ளையைப் பார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது பாதுகாப்பு.

அப்பாவோ அம்மாவோ பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியர் என்றால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் அப்படி இரண்டு பிள்ளைகள் இருந்தால் அது பிறந்த வரிசையில்தான் வரும்: மூத்தவரின் தகுதி முடிந்த பிறகே இளையவருக்கு. இரட்டையர் என்றால் மட்டும் சமமாகப் பிரியும். மாநில அரசு ஊழியர்கள் தங்கள் துறையில் விதியைக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு பேரின் பெயரையும் ஓய்வூதிய ஆவணத்தில் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஓய்வூதியம் முதலில் மூத்தவருக்குப் போகும் என்பதால், சேமிப்போ காப்பீடோ அறக்கட்டளையோ எதுவானாலும் முதலில் இளைய பிள்ளைக்காகத் தொடங்குங்கள்.